கூரையைத் தூக்கிய நாள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கார் நிறுத்துமிடத்தில் கிடைத்தது. கிடைத்தது என்பதைவிட, மாட்டிக்கொண்டேன் என்று சொல்வதே நேர்மை.

என் கார் பழையது. தாழ்வானது, பின்னால் டிக்கி வைத்தது. கடைக்குள் போய் அரைமணி நேரம் கழித்து வந்து பார்த்தால், அதன் இரண்டு பக்கமும் இரண்டு எஸ்யூவிகள் நிற்கின்றன. யானைகளுக்கு நடுவே கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது என் கார். பின்னால் எடுக்கலாம் என்று திரும்பினால் இடமும் சுவர், வலமும் சுவர். ஒரு முழம் நகர்த்துவேன், யாரோ வருகிற மாதிரி இருக்கும், நிறுத்திவிடுவேன்.

அப்போது ஒரு பெண்மணி பின்னால் வந்து நின்று கையைக் காட்டினார். "வாங்க... வாங்க... இன்னும் வரலாம்... போதும். இப்ப ஒடிங்க."

வெளியே வந்ததும் நன்றி சொல்ல இறங்கினேன். கதவைச் சாத்தினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னொரு தடவை சாத்துங்க" என்றார்.

சாத்தினேன்.

"கீழ் ரப்பர் போயிடுச்சு. மழை பெஞ்சா காலடியில தண்ணி நிக்குமே?"

நிற்கும். போன வருடத்திலிருந்து நிற்கிறது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இந்தக் கதவ நான்தான் பாத்து அனுப்பியிருப்பேன்" என்றார், ஏதோ பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

அதற்குப் பிறகு அவரை நான்கு முறை பார்த்தேன். அவர் சொன்னதைத்தான் எழுதப்போகிறேன். எழுத முடியாமல் போன இடங்களில், முடியவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

2

முதல் தொடக்கம் (அடித்துவிட்டேன்): "அந்தத் தொழிற்சாலையின் கடைசிக் கார் கண்ணீருக்கு நடுவே மெல்ல வெளியே வந்தபோது—"

படித்துக் காட்டினேன். "யாரும் அழலைங்களே" என்றார். "எல்லாரும் போட்டோ எடுக்க இடம் புடிச்சுக்கிட்டு இருந்தோம்."

இரண்டாவது தொடக்கம்: "மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாள் முதலாய்—"

இதை எழுதிய அன்று எனக்குக் காய்ச்சல்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். அதில் பத்தொன்பது வருடங்களை ஒரு வரியில் தாண்ட வேண்டியிருந்தது. தாண்டிவிட்டேன்.

(ஒரு சின்ன மன்னிப்பு. நேரில் நான் அவரை 'நீங்கள்' என்றுதான் சொல்கிறேன். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிட்டார். கதைக்கு மரியாதை தெரியாது.)

3

அவளுக்கு வேலை கதவைச் சாத்துவது.

ஒரு ஷிப்டுக்கு இருநூற்று நாற்பது கார். ஒரு காருக்கு நாலு கதவு. திறப்பாள், தள்ளுவாள், கேட்பாள். ஒழுங்காகப் பொருந்திய கதவு 'தப்' என்று வாயை மூடும். பொருந்தாதது 'டணக்' என்று எதிர்த்துப் பேசும். எதிர்த்துப் பேசுவதைத் தனியே ஒதுக்கிச் சரிசெய்ய அனுப்புவாள். பத்தொன்பது வருடம் இதைச் செய்தாள். கார்கள் நகர்ந்து வரும் அந்த லைனில் அவளுக்குக் 'காது' என்றே பெயர் விழுந்துவிட்டது. சின்னவர்கள் 'காதக்கா' என்பார்கள்.

அவள் கணவரும் அங்கேதான். கதவுகளைக் கொக்கியில் தொங்கவிட்டு எடுத்துவர உயரத்தில் ஒரு தண்டவாளம் ஓடும். அதைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. ஏணிமேலேயே குடியிருந்ததால் அவருக்கு 'மாடி' என்று பெயர். மேலே மாடி, கீழே காது. இரண்டு பேரும் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி ஒரே கூரைக்கடியில் நாளெல்லாம் இருந்தார்கள். பேசிக்கொண்டது சாப்பாட்டு நேரத்தில் மட்டும்.

பிறகு ஒரு நாள் எல்லாரையும் கூட்டிச் சொன்னார்கள். தாழ்ந்த கார் விற்காமல் நிற்கிறது. ஜனங்கள் வாங்குவதில்லை. இனி உயர்ந்த வண்டிதான். நம் கம்பெனி மட்டுமில்லை, எல்லாக் கம்பெனியும் அதைத்தான் செய்கிறது. ஆறு மாதம் மூடிவைத்து, இதே கட்டடத்தில் எஸ்யூவிக்குப் புது லைன் போடப்போகிறோம். இருக்கிறவர்கள் இருக்கலாம், போகிறவர்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு போகலாம்.

மாடிக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கல்யாணமானவள், மருந்துக்கடையில் வேலை, இரண்டு வயதில் பிள்ளை. வந்தவள் எதையும் யோசிக்காமல் சொன்னாள்:

"அப்பா, எஸ்யூவி ஒண்ணு புக் பண்ணியிருக்கோம்."

"அப்ப எங்க லைன மூடினது நீதானா?"

"நான் ஒருத்தியா மூடினேன்? சின்ன கார்ல போனா முன்னாடி என்ன இருக்குன்னே தெரியலப்பா. அடுத்தவன் டயரப் பாத்துக்கிட்டே ஓட்ட வேண்டியிருக்கு. பின்னாடி புள்ள வேற."

"முன்னாடி இருக்கறவன் எந்திரிச்சு நின்னா நீயும் எந்திரிச்சு நிப்பியா?"

"நிப்பேன்" என்றாள் மகள். "எனக்கும் தெரியணுமில்ல."

மாடி மறுநாள் கம்பெனி அலமாரிச் சாவியை ஒப்படைத்தார். "இனி அந்த வாசல்படிய மிதிச்சா என்னன்னு கேளு" என்றார் மனைவியிடம். அவள் வேலையிலேயே தங்கினாள்.

4

இனித்தான் கதை. இதுவரை சொன்னது அதற்குப் போட்ட பந்தல்.

புது வண்டி பழைய காரைவிட ஒரு சாண் உயரம், கூட நாலு விரல். கேட்டால் என்ன பிரமாதம் என்றிருக்கும். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு வருகிற கொக்கியும் பெரிது, தண்டவாளமும் பெரிது. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கூரை இடித்தது. ஒன்று, வேறு ஊரில் வேறு கட்டடம் கட்ட வேண்டும். இல்லையென்றால் இந்தக் கூரையைத் தூக்க வேண்டும்.

தூக்குவது என்று முடிவாயிற்று.

*(நானும் நம்பவில்லை. கூரையை எப்படித் தூக்குவார்கள் என்று கேட்டேன். "கார் பஞ்சர் ஆனா எப்படித் தூக்குவீங்க? அதே ஜாக்கிதான், கொஞ்சம் பெருசு" என்றார் காது. பிறகு அவராகவே, "கொஞ்சம் இல்ல" என்றார்.)*

எழுபத்திரண்டு தூண். அவற்றின்மேல் தொள்ளாயிரம் டன் இரும்பும் தகரமும். அதற்கென்றே ஒரு மேஸ்திரி தன் ஆட்களோடு வந்தார். குள்ளமான மனிதர், சத்தம் போட்டுப் பேச மாட்டார். ஒவ்வொரு தூணையும் இடுப்பு உயரத்தில் அறுத்து, இருபுறமும் ஜாக்கி வைத்து, எல்லா ஜாக்கியையும் குழாயால் ஒரே கட்டுப்பாட்டு மேசைக்கு இழுத்தார். சுவர்களின் மேல்விளிம்பிலிருந்து கூரையைப் பிரித்துவிட்டார். கடைசியில் அந்தக் கூரை எதையும் பிடித்துக்கொள்ளாமல் எழுபத்திரண்டு இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது.

தூக்குகிற நாளன்று, தங்கியிருந்த தொழிலாளிகளை வரிசையாக நிறுத்தித் தூணுக்கு ஒருவர் என்று பிரித்தார். ஒவ்வொரு தூணிலும் ஓர் அளவுகோல் ஒட்டியிருந்தது. கேட்கும்போதெல்லாம் அதைப் பார்த்து வாக்கிடாக்கியில் எண்ணைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"மெஷினே காட்டுமே, நாங்க எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

"மெஷின் அளக்கும்" என்றார் மேஸ்திரி. "நீங்க பாருங்க. அது வேற, இது வேற."

காதுக்குப் பதினேழாம் தூண்.

காலை எட்டரைக்கு ஆரம்பித்தார்கள். முதல் கால் மணி நேரம் எதுவுமே நடக்கவில்லை என்றே எல்லாரும் நினைத்தார்கள். எண் மட்டும் ஏறியது. ஒன்று. இரண்டு. இரண்டரை. ஜாக்கிகள் பெருமூச்சு விடுகிற சத்தம். பிறகு யாரோ தன் கையைப் பார்த்தார். கைமேல் வெயில் விழுந்திருந்தது.

(இந்த இடத்தை ஆறு தடவை எழுதினேன். "ஒளி ஓர் அருவியாக—" இல்லை. "கர்ப்பத்திலிருந்து வெளியேறும்—" ஐயையோ.)

நடந்ததை அப்படியே சொல்கிறேன். இருபத்தாறு வருடமாக அந்தக் கூடத்தில் குழல்விளக்குதான். பகலும் இரவும் அங்கே ஒரே நிறம். இப்போது சுவருக்கும் கூரைக்கும் நடுவே, நாலு பக்கமும், நூல் அளவுக்கு ஒரு வெளிச்சக் கோடு விழுந்தது. நூல் கயிறாயிற்று. கயிறு பட்டையாயிற்று. அந்தப் பட்டைக்குள் வானம் இருந்தது. ஒரு கிரிக்கெட் மைதானத்தைவிடப் பெரிய கூடத்தின் தலையில் நீல ரிப்பன் கட்டியதுபோல. காற்று உள்ளே வந்தது, தரையில் இருபத்தாறு வருடத் தூசி எழுந்து நின்றது, அந்தத் தூசிக்குள்ளே வெயில் கம்பிகம்பியாக இறங்கியது. எழுபத்திரண்டு பேரும் எண்ணைச் சொல்ல மறந்துவிட்டார்கள். மேஸ்திரி திட்டவில்லை. கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, "சரி, பாத்தாச்சில்ல. நம்பரச் சொல்லுங்க" என்றார்.

5

நாற்பத்தொரு சென்டிமீட்டரில் அவளுக்கு ஏதோ கேட்டது.

அளவுகோலைப் பார்த்தாள். நாற்பத்தொன்று. பக்கத்துத் தூணிலும் நாற்பத்தொன்று. குறை சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் தூணை ஒட்டிய தகரப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு முனகல், பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ வலியைப் பொறுப்பதுபோல.

பொத்தானை அழுத்தினாள். "பதினேழு. நிறுத்துங்க."

எல்லா ஜாக்கியும் நின்றன. மேஸ்திரி வந்தார், பின்னாலேயே மேனேஜரும் வந்தார்.

"நம்பர் சரியாத்தானே இருக்கு அம்மா" என்றார் மேஸ்திரி.

"நம்பர் சரிதான். சத்தம் சரியில்ல."

"எங்க?"

"மேல இல்ல, கீழயும் இல்ல. இதுக்குள்ள."

மேஸ்திரி தகரத்தில் காதை வைத்தார். ஜாக்கி நின்றுவிட்டதால் முனகலும் நின்றிருந்தது. வரைபடத்தை விரித்துப் பார்த்தார்கள். அந்தப் பெட்டிக்குள் பழைய மின்கம்பிகள் என்று போட்டிருந்தது. அவற்றுக்கு மின்சாரத்தை வெட்டி மாதக்கணக்காயிற்று.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்குப் பெரிய காத்து இருக்குன்னு அறிவிச்சிருக்காங்க. இன்னிக்கே ஏத்திப் பூட்டலைன்னா, பாதியில நிக்கற கூரை பட்டம் மாதிரி. ஒருத்தங்களுக்குச் சத்தம் கேட்டுச்சுன்னு—" அவர் முடிக்கவில்லை. (நான் விட்ட வாக்கியமில்லை, அவரே விட்டது.)

மேஸ்திரி யோசித்தார். "அரைமணி நேரம்" என்றார். "அதுக்குள்ள என்னன்னு தெரியணும். தகரத்தப் பிரிச்சுப் பாருங்க."

ஒருவர் கடப்பாரையை எடுத்து வந்தார். காது அவரைக் கையால் தடுத்துவிட்டுப் போனை எடுத்தாள். அந்தக் கூரையில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்.

6

இந்தக் கணவர்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. ரோஷக்காரர், வாசலை மிதிக்க மாட்டேன் என்றவர், அவ்வளவு சுலபமாக வந்துவிடுவாரா? அதனால் முதல் பிரதியில் அவரைப் போனை எடுக்க விடவில்லை. காலி வீட்டில் போன் அடிக்கிறது, திரைச்சீலை ஆடுகிறது என்று ஒன்றரைப் பக்கம். நல்ல ஒன்றரைப் பக்கம், நானே சொல்கிறேன்.

காது படித்துவிட்டுச் சிரித்தார். "அவரு மூணாவது ரிங்லயே எடுத்துட்டாருங்க. எங்க வீட்ல திரைச்சீலையே கிடையாது."

ஒன்றரைப் பக்கமும் போயிற்று. பேசியது இதுதான்:

"என்னங்க, பதினேழாம் தூண் பெட்டிக்குள்ள என்ன இருக்கு?"

"எதுக்குக் கேக்கற?"

"கூரை நாப்பத்தொரு சென்டி ஏறியிருக்கு. அது முனகுது."

"நிறுத்தச் சொல்லு."

"நிறுத்திட்டேன்."

"நீயா நிறுத்தின?"

"ஆமா."

"அந்தத் தகரத்த யாரும் தொட வேணாம். தொட்டா ஆள் போயிடும். நான் வர்றேன்."

பன்னிரண்டு வருடம் முன்பு மேலே தண்டவாளம் ஆடியது. ஆடியதால் கதவுகள் ஒன்றோடொன்று உரசி, வந்த கதவெல்லாம் 'டணக்' என்றது. காது ஒரு மாதம் வீட்டில் புலம்பினாள். எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினால் ஆறு மாதம் ஆகும் என்று, ஒரு விடுமுறை நாளில் மாடி தனியாக ஏறினார். கூரை உத்தரத்திலிருந்து ஒரு சங்கிலி, தரைச் சட்டத்திலிருந்து ஒரு சங்கிலி, நடுவில் தொடை கனத்துக்கு ஒரு ஸ்பிரிங். ஆட்டம் நின்றது. தகரத்தை மூடினார். வரைபடத்தில் ஏற்றவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. கதவு 'தப்' என்றது, அவளும் அதற்குமேல் கேட்கவில்லை.

இப்போது அந்த ஸ்பிரிங் நாற்பத்தொரு சென்டிமீட்டர் இழுபட்டுக் காத்திருந்தது. கடப்பாரையால் பெட்டியைத் திறக்கிறவர் முகத்துக்கு நேராக.

7

இருபது நிமிடத்தில் வந்துவிட்டார், வீட்டுச் செருப்போடு. வாசல்காரர் ஒரு ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்து உள்ளே விட்டார். எந்தப் படியை மிதித்தோம் என்று அவர் கவனிக்கவே இல்லை.

உள்ளே நாலடி வைத்தவர் நின்றுவிட்டார்.

அந்தக் கூரையின் ஒவ்வொரு உத்தரமும் அவருக்கு உள்ளங்கைப் பழக்கம். எந்த ஆணி துரு, எந்தத் தகரம் ஒழுகும், எங்கே புறா உட்காரும் என்று தெரியும். அது இப்போது எதையும் தொடாமல் வெளிச்சத்தின்மேல் மிதந்துகொண்டிருந்தது. வாய் திறந்தபடி ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தார். காது பக்கத்தில் போய் நின்றாள்.

"இத்தன வருஷம் நான் அது மேல ஏறியிருக்கேன்" என்றார் மெதுவாக. "அது ஏறி நான் பாத்ததில்ல."

பிறகு மேஸ்திரியிடம் போனார். "உள்ள ஸ்பிரிங் இருக்கு. நான் போட்டது. படத்துல ஏத்தல, தப்பு என்னுது. மொத்தமும் கீழ இறங்கினாத்தான் கழட்ட முடியும்."

மேனேஜர் ஏதோ சொல்ல வந்தார். மேஸ்திரி கையை உயர்த்தினார். "இறக்குங்கப்பா" என்றார்.

கூரை வந்த வழியே இறங்கியது. நாற்பது, முப்பது, பத்து. வானம் கயிறாகி, நூலாகி, அணைந்தது. மறுபடி குழல்விளக்கு நிறம். அந்தக் கால் மணி நேரம்தான் அன்றைக்கு மோசமான நேரம் என்றார் காது. பார்த்துவிட்ட பிறகு மூடுவது.

மாடி தகரத்தை ஒரு பக்கமாக நின்று பிரித்தார், எவரையும் கிட்டே விடாமல். கொக்கியைக் கழற்றினார். ஸ்பிரிங்கை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

*(நிறுத்தாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மேஸ்திரியைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். "சங்கிலி அறுந்திருக்கும். அறுந்தது யாரையாவது அடிச்சிருக்கும், இல்ல யாரையும் அடிச்சிருக்காது. இதுக்கு மேல என்னக் கேக்காதீங்க, நான் அன்னிக்குச் சரியாத் தூங்கல" என்றார்.)*

மறுபடி ஏற்றினார்கள். மாடியை யாரும் போகச் சொல்லவில்லை, அவரும் போகவில்லை. பதினேழாம் தூணருகே மனைவி பக்கத்தில் நின்றார். அவள் பார்த்துச் சொல்ல, அவர் வாக்கிடாக்கியில் சொன்னார். ஐம்பது. எழுபது. தொண்ணூறு. மாலை நாலேகாலுக்கு நூற்று நாற்பது. தூண்களின் இடைவெளியில் இரும்புத் துண்டுகளைச் செருகிப் பூட்டினார்கள். ஜாக்கிகள் தளர்ந்தன. கூரை தன் எடையைத் தானே எடுத்துக்கொண்டது. கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், நான் எழுதியும் வைத்திருந்தேன். ஒருவரும் தட்டவில்லையாம். எல்லாரும் கழுத்தை நிமிர்த்தி அப்படியே நின்றார்களாம்.

எனக்கு இதில் எது பிரமிப்பு என்று கேட்டால், ஜாக்கி இல்லை. யாரோ ஒரு பெண், மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, எனக்கும் தெரியணும் என்று ஒரு சாண் உயரம் கேட்டாள். அவளைப்போல லட்சம் பேர் ஆளுக்கொரு சாண் கேட்டார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமலே எல்லாரும் சேர்ந்து தொள்ளாயிரம் டன்னைத் தூக்கிவிட்டார்கள். இதை நினைத்தால் எனக்குப் பயமாகவும் இருக்கிறது. கும்பிடலாம் போலவும் இருக்கிறது. என் தாழ்ந்த காரை விற்கலாமா என்றும் இருக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில்.

8

முடிவு.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு மாடியிடம் வந்தார். "இந்த வருஷம் இன்னும் மூணு கூரை இருக்கு. எல்லாம் உங்களுது மாதிரி கார் பிளான்ட்தான், எல்லாம் மாறுது. படத்துல இல்லாதது எல்லாக் கூரையிலயும் இருக்கும். அதப் போடறவன் எப்படி யோசிப்பான்னு தெரிஞ்ச ஆள் எனக்கு வேணும். என்கூட வர்றீங்களா?"

முடிவு அ: வருகிறேன் என்கிறார். ஊர் ஊராகப் போய், தாழ்ந்த கார்கள் பிறந்த கட்டடங்களை ஒவ்வொன்றாக உயர்த்துகிறார். எழுதிப் பார்த்தேன். தோற்றவர் ஜெயித்தவர் பக்கம் சேர்ந்த கதை போலாகிவிட்டது. அவர் தோற்றவர் இல்லை.

முடிவு ஆ: வேண்டாம் என்கிறார். செருப்பைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். இதையும் எழுதினேன். கொள்கை வீரர் கதை போலாகிவிட்டது. கொள்கை வீரருக்கு இப்படி வாய் பிளந்து கூரையைப் பார்க்கத் தெரியாது.

முடிவு இ: அவர் காதைத் திரும்பிப் பார்க்கிறார், அவள்—

இல்லை. அவளுக்குப் புது லைனில் வேலை இருக்கிறது, அவள் அதை எப்போதோ முடிவு செய்துவிட்டாள். இதை அவள் தலையில் கட்டக் கூடாது.

உண்மையில் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். காது சொன்னார். அதையும் எழுதிப் பார்த்தேன்: ஒரே ஒரு சொல். எழுதியதும் அதற்கு மேலே எழுதிய கூரைக் கதை முழுக்க அந்தச் சொல்லுக்குச் சாட்சி சொல்ல வந்ததுபோலச் சுருங்கிவிட்டது. எடுத்துவிட்டேன்.

எனவே அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மணி ஐந்தரை. சாய்ந்த வெயில் மேற்குப் பக்கத்து இடைவெளியில் நுழைந்து கூடத்தின் மறுகோடிவரை நீண்டு கிடக்கிறது. மேஸ்திரி அவசரப்படுத்துகிற ஆள் இல்லை. இவ்வளவு தூரம் கூட வந்த உங்களுக்கு அந்த மனிதரைக் கொஞ்சம் தெரிந்திருக்கும். பதிலை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் நேரம் இருக்கிறது: சுவரின் இடைவெளியை அடைக்கிறவர்கள் இப்போதுதான் தகரம் எடுக்கப் போயிருக்கிறார்கள். அவர்கள் வரும்வரை நாலு பக்கமும் வானம்.